அத்தான் சாப்பிடாத அரிசி

போன வெள்ளிக்கிழமை என் அத்தானைத் தராசில் ஏற்றினோம்.

விளையாட்டில்லை. நிஜத் தராசு. அரிசி மூட்டை நிறுக்கிற பெரிய தராசு. அம்மன் கோயில் முற்றத்தில் மூன்று கம்புகளை நட்டு, அதில் தொங்கவிட்டிருந்தோம். ஒரு தட்டில் அத்தான் சம்மணம் போட்டு, நெற்றி நிறையத் திருநீறும் முகம் நிறைய வெட்கமுமாக உட்கார்ந்திருந்தார். மறு தட்டில்... இருங்கள். அதை இப்போதே சொல்லிவிட்டால் பத்திரிகையை மடக்கி வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவீர்கள். இன்றைக்கு நீங்கள் கொஞ்சம் தாமதமாகச் சாப்பிட்டால் தேவலை என்பது என் அபிப்பிராயம்.

எனக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை. ஊருக்குத் திரும்பி வந்த பிறகும் பார்க்கிறவர்களிடமெல்லாம் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆபீசில் ஒருவர் பாக்கியில்லை. இனி நீங்கள்தான் மிச்சம்!

என் அக்காள் பகவதியை அஞ்சுகிராமத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறது. அத்தான் பெயர் தாணு. அரிசிக் கடை வைத்திருக்கிறார். பிறந்தது வள்ளியூர்ப் பக்கம். எல்லையைத் தாண்டி எங்கள் திருவிதாங்கூர் மண்ணுக்குக் கடை வைக்க வந்தவர். தங்கமான மனிதர். ஆனால் தங்கம் கொஞ்சம் கூடிப் போய்விட்டது. ஊருக்கெல்லாம் அரிசி நிறுத்துக் கொடுத்தவர் தன்னை ஒருநாளும் நிறுத்துப் பார்த்ததில்லை.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கண்ட்ரோல் காலம் உங்களுக்கு மறந்திருக்காது. ரேஷன் கடையில் நின்று நின்று கால் கடுத்து, வாங்கி வந்த அரிசியில் பாதியைக் கல்லென்று பொறுக்கிப் போட்டு, மீதிக்கு மரச்சீனிக் கிழங்கை அவித்துத் தின்றோமே! கண்ட்ரோல் எடுத்த அன்றைக்கு அக்காள் வீட்டில் ஒரு பெரிய பானையை அடுப்பில் ஏற்றினாள். அந்தப் பானையை அப்புறம் இறக்கவே இல்லை.

காலையில் தோசை, மேலே நெய். கடை திறந்து கொஞ்ச நேரத்தில் எதிர்த்த காபி கிளப்பிலிருந்து பழ பஜ்ஜியும் காபியும். மத்தியானம் பருப்பு, அவியல், தீயல், புளிசேரி என்று வரிசையாக வரும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சோறு. பிறகு கடைப் பலகையில் ஒரு தூக்கம். எழுந்தால் முந்திரிக்கொத்து. ராத்திரி மறுபடியும் சோறு. நடுவில் நடை உண்டா? வீட்டிலிருந்து கடைக்கு. கடையிலிருந்து வீட்டுக்கு. இரண்டுக்கும் நடுவில் ஒரு தெரு. அதற்கும் ஒரு பிரம்புத் தடியை ஊன்றிக்கொண்டு போவார்.

இந்தத் தடியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அத்தானுக்கு அடிவயிற்றில் குடலிறக்கம். ரொம்ப நாளாக இருந்தது. யாரிடமும் சொல்லாமல் வேட்டியை இறுக்கிக் கட்டிச் சமாளித்திருக்கிறார். ஒருநாள் அரிசி மூட்டையை நகர்த்தும்போது வலி தாங்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். அக்காள் பயந்துபோய் அவரைத் திருவனந்தபுரத்துக்கு ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனாள். எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. சொல்லியிருந்தால் இந்தக் கதையில் பாதி நடந்திருக்காது.

டாக்டர் சோதித்துப் பார்த்தார். ஆபரேஷன் வேண்டும், ஆனால் இப்போது முடியாது என்றார். அக்காளை வெளியே உட்காரவைத்துவிட்டு, காரணத்தை மலையாளத்தில் சொன்னார். தடி கூடுதல், தடியைக் குறைத்துவிட்டு வாருங்கள், அப்புறம் பார்க்கலாம் என்று.

தக்கலையில் வேலை பார்க்கிற எனக்கு அது தண்ணீர் பட்ட பாடு. மலையாளத்தில் தடி என்றால் உடம்பின் பருமன். தடி வைத்துவிட்டது என்றால் ஆள் பருத்துவிட்டான் என்று அர்த்தம். ஆனால் வள்ளியூர்க்காரருக்குத் தடி என்றால் என்ன? கையில் இருக்கிறதே, அதுதான்!

அத்தான் அதற்குத் தானே ஒரு நியாயமும் கண்டுபிடித்துவிட்டார். தடியை ஊன்றி நடக்கும்போது பலமெல்லாம் வயிற்றில் விழுகிறது, அதனால்தான் குடல் இறங்குகிறது, டாக்டர் எவ்வளவு நுட்பமாகக் கவனித்திருக்கிறார் என்று பஸ்ஸில் வரும்போதே அக்காளிடம் மெச்சிக்கொண்டு வந்திருக்கிறார். மறுநாளே ஆசாரியைக் கூப்பிட்டு, பிரம்பின் நுனியில் ஒரு சாண் அறுத்துக் குறைத்தார்.

குறைந்த தடியை ஊன்ற வேண்டுமானால் குனிய வேண்டும். குனிந்தால் வயிறு இடிக்கிறது. இது சரிப்படாது என்று தடியை மூலையில் வைத்தார். தடியில்லாமல் நடக்கப் பயம். ஆகவே நடையையும் மூலையில் வைத்தார். ஒரு தெருவைத் தாண்ட வில்வண்டி வந்தது!

சில மாதம் கழித்து மறுபடி டாக்டரிடம் போகும்போது நானும் கூடப் போனேன். டாக்டர் அவரை மெஷினில் ஏற்றினார். முள்ளைப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது. தடி குறைக்கச் சொன்னேனே, என்ன செய்தீர் என்று கேட்டார். அத்தான் பெருமையாகத் துணிப்பையிலிருந்து அந்தக் குட்டைப் பிரம்பை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

டாக்டர் பிரம்பைப் பார்த்தார். அத்தானைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. இந்த நாஞ்சில் நாடு எந்தப் பக்கம் சேரவேண்டும் என்று பெரியவர்கள் மேடைக்கு மேடை பேசிக்கொண்டிருக்கிறார்கள். இந்த ஒரு சொல்லை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லையே!

ஆனால் டாக்டர் சிரிக்கவில்லை. என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். இத்தனை கொழுப்புள்ள வயிற்றில் தையல் நிற்காது. பருமன் குறையாமல் கத்தி வைக்க மாட்டேன். வைக்காமல் விட்டால் ஏதாவது ஒருநாள் குடல் அந்த இடத்தில் சிக்கிக்கொள்ளும். சிக்கினால் அஞ்சுகிராமத்திலிருந்து இங்கே வந்து சேர்வதற்குள் ஆள் இருக்க மாட்டார்.

என் சிரிப்பு அங்கேயே செத்தது.

திரும்பி வருகிற பஸ்ஸில் அக்காளுக்கு எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அத்தான் இரண்டு பேர் உட்காரும் இடத்தில் ஒருவராக உட்கார்ந்திருந்தார். நான் சுற்றிலும் பார்த்தேன். அவர் ஒருவரா? எனக்கு முன்னால் ஒரு வாத்தியார், சட்டைப் பித்தான் தெறிக்கத் தயாராக. பக்கத்தில் ஒரு காண்ட்ராக்டர், தொந்தியின் மேலேயே வெற்றிலைப் பெட்டியை வைத்திருக்கிறார். நான் மட்டும் என்னவாம்? என் பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டது எனக்குத்தானே தெரியும்.

நம்முடைய தேசத்துக்கு என்ன வந்தது? சுதந்திரம் வந்தது, சரி. கூடவே பஸ் வந்தது, நடை போயிற்று. மில் வந்தது; உலக்கை போயிற்று. தெருவுக்குத் தெரு காபி கிளப் வந்தது. பசி என்பதே போயிற்று. பாதிப் பேருக்கு இன்னும் ஒருவேளைக் கஞ்சிக்கே வழியில்லை. மீதிப் பேருக்கு இடுப்பில் வேட்டி நிற்கவில்லை! இரண்டு கூட்டமும் ஒரே ஊரில், ஒரே தெருவில் இருக்கிறது. பட்டினியைப் பற்றி மந்திரிகள் பேசுகிறார்கள், பேசத்தான் வேண்டும். தொந்தியைப் பற்றி யார் பேசுவது? பேசுகிறவர்களுக்கே அது இருக்கிறதே...

சரி, அத்தானுக்கு வருவோம்.

அன்று சாயங்காலமே அக்காள் அம்மன் கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்டாள். இவர் ஆபரேஷன் முடிந்து நல்லபடியாக எழுந்து வந்தால், அடுத்த கொடைத் திருவிழாவில் எடைக்கு எடை அரிசி தருகிறேன், அதைப் பொங்கி ஊருக்கே சோறு போடுகிறேன் என்று. நல்ல வேண்டுதல்தானே? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

டாக்டர் சொன்ன பத்தியத்தை அக்காளிடம் ஒப்பித்துவிட்டு வந்தேன். ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் அத்தான் அப்படியே இருந்தார். சொல்லப்போனால் கன்னம் இன்னும் கொஞ்சம் மினுமினுத்தது. சோறு குறைவாகத்தான் சாப்பிடுகிறேன், மாப்ளே, சத்தியமாக, என்றார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். உண்மைதான். இலையில் சின்னக் குவியல்தான் சோறு. பிசைய ஆரம்பித்தார். குவியலுக்கு அடியிலிருந்து நெய் ஆறாக ஓடி வந்தது!

மத்தியானத் தூக்கம் முடிந்து எழுந்ததும், கோயில் பிரசாதம் என்று ஒரு கிண்ணம் சர்க்கரைப் பொங்கல் வந்தது. நேற்றும் பிரசாதமா என்று கேட்டேன். தினமும்தான் என்றார் அத்தான், வெள்ளை மனதோடு. அம்மனுக்கு ஒரு கரண்டி, மீதியெல்லாம் இவருக்கு.

அடுக்களைக்குப் போய் அக்காளைப் பிடித்தேன். அவள் மறைக்கவில்லை. பாத்திரம் துலக்கிக்கொண்டே தலை நிமிராமல் சொன்னாள்.

"வேண்டிக்கிட்ட அன்னைக்கு அவுக என்ன எடை இருந்தாகளோ, அது அம்மைக்கு உள்ளதாக்கும் மக்கா. இப்பம் எடையைக் குறைச்சா, அம்மைக்குச் சேர வேண்டியதைக் களவெடுத்த மாதிரியில்லா? அந்தப் பாவத்தோட அவுகளைக் கத்திக்கு எப்படிக் கொடுப்பேன்?"

எனக்குத் தலை சுற்றியது. டாக்டர் எடை குறைந்தால்தான் உயிர் என்கிறார். இவள் எடை குறைந்தால் பாவம் என்கிறாள். நடுவில் மனிதர் நெய்ச்சோறு தின்றுகொண்டிருக்கிறார்! எனக்குக் கோபம் வந்தால் குரல் தானாக உயரும். உயர்ந்தது.

"அவரு தின்னாம விடுற அரிசியும் அம்மைக்குள்ளதுதான். அதை எடுத்து வை. அம்மைக்கு ஒரு மணி குறையாது. ஆளே போயிட்டா தராசில யாரை ஏத்துவே?"

அக்காளின் கை அப்படியே நின்றது. நான் காபிகூடக் குடிக்காமல் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டேன். வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டேன். கோபத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேனே தவிர, அதில் யோசனை ஒன்றும் கிடையாது. இரண்டு நாளில் என்ன சொன்னேன் என்பதே மறந்துவிட்டது.

அவளுக்கு மறக்கவில்லை.

அதன் பிறகு அத்தானைப் பார்க்கப் போகும்போதெல்லாம் ஆள் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தார். காலையில் பயறுக் கஞ்சி. மத்தியானம் ஒரு அகப்பைச் சோறு, நிறையக் கீரை, வெள்ளரிக்காய், மோர். பஜ்ஜிக்கு அக்காள் காபி கிளப்பிலேயே நேரில் போய்த் தடை போட்டுவிட்டாளாம். விடிந்ததும் குட்டைப் பிரம்பை எடுத்துக்கொண்டு வட்டக்கோட்டைப் பக்கம் நடக்க ஆரம்பித்தார். முதலில் ஊர் எல்லைவரை. பிறகு பாதி வழி. பிறகு கோட்டைச் சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்பினார். ஊன்றுவதற்குப் பிரம்பு தேவைப்படவில்லை. நாய் விரட்டத்தான் உதவியது. பஸ் பக்கத்தில் நின்று, கண்டக்டர் ஏறச் சொல்லிக் கூப்பிட்டாலும் மனிதர் அசையவில்லை.

ஊர் சும்மா இருக்குமா? நாம் ஒருவரைப் பார்த்ததும் முதலில் என்ன கேட்போம்? "என்ன, மெலிஞ்சு போயிட்டேரே!" யானைக்குட்டி மாதிரி இருப்பவனையும் அப்படித்தான் கேட்போம். கேட்காவிட்டால் பாசமில்லை என்று அர்த்தம். உண்மையிலேயே மெலிந்த மனிதரை விடுவார்களா? கடை நொடித்துவிட்டது என்றார்கள். காச நோய் என்றார்கள். தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் ஒருத்தி, புருஷனுக்கு வயிறாரப் போட மாட்டியா என்று அக்காள் முகத்துக்கு நேராகவே கேட்டாளாம். அக்காள் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருக்கிறாள். ஆனாலும் அன்று மத்தியானமும் அகப்பை ஒன்றுதான். நெய் இல்லை. என் அக்காள் சாமானியப்பட்டவள் இல்லை!

டாக்டர் மெஷின் முள்ளைப் பார்த்துத் தலையாட்டினார். ஆபரேஷன் நடந்தது. தையல் நின்றது. அத்தான் எழுந்து, நடந்து, ஆஸ்பத்திரி வாசல்படியைத் தானே இறங்கி வந்தார். எந்தச் சாமிக்கு என்று தெரியாமலே நான் கைகூப்பினேன்.

இனி வெள்ளிக்கிழமைக்கு வரலாம்.

கொடை. மேளம், பந்தல், சனம். கடைத் தராசு கோயில் முற்றத்துக்கு வந்துவிட்டது. கடையிலிருந்து அரிசி மூட்டைகள் வந்து ஒரு ஓரமாக அடுக்கப்பட்டன. மெலிந்த மனிதருக்கு இத்தனை மூட்டை எதற்கு என்று ஊரில் யாரோ கிண்டல் பண்ணினார்கள். அத்தான் தட்டில் ஏறி உட்கார்ந்தார்.

நான் ஒரு மூட்டையின் கட்டை அவிழ்க்கப் போனேன். அக்காள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். முதலில் வீட்டு அரிசியைப் போட வேண்டும் என்றாள். வாசலில் ஒரு கட்டைவண்டி வந்து நின்றது. அதில் வீட்டுப் பத்தாயத்திலிருந்து அள்ளிக் கட்டிய சாக்குகள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இது எந்த அரிசி என்று கேட்டேன்.

"நீ சொன்ன அரிசிதான். அவுக தின்னாம விட்ட அரிசி."

அன்று நான் கத்திவிட்டுப் போன பிறகு அக்காள் ஒரு காரியம் செய்திருக்கிறாள். வேளாவேளைக்கு எப்போதும் போல அதே நாழியால் அதே அளவு அரிசியை அளப்பாள். அத்தான் முன்பு எவ்வளவு சாப்பிடுவாரோ, இப்போது எவ்வளவு சாப்பிடுகிறாரோ, அந்த வித்தியாசத்தைத் திரும்ப எடுத்துப் பத்தாயத்தில் போடுவாள். தோசைக்குப் போட வேண்டியதும் அதில். வெயிலில் காயவைத்து, புழு வராமல் வேப்பிலை போட்டு வைத்திருக்கிறாள். அத்தானுக்கு விஷயம் தெரியும். எவ்வளவு சேர்ந்தது என்பது தெரியாது. அவளுக்குமே தெரியாது. போதாததற்குக் கடை மூட்டை இருக்கிறதே என்றுதான் இருந்திருக்கிறாள்.

முதல் சாக்கைத் தட்டில் வைத்தோம். அத்தான் அசையவில்லை. அடுத்ததை வைத்தோம். தட்டு லேசாக ஆடியது. இன்னும் ஒன்று வைத்தோம். அத்தானின் தட்டு தரையை விட்டுக் கிளம்பியது. மேளக்காரர் கொட்டுவதை நிறுத்திவிட்டார். அத்தான் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல மேலே போனார். போய், அங்கேயே நின்றார்.

கடை மூட்டை ஒன்றின் கட்டைக்கூட அவிழ்க்கவில்லை. வண்டியில் இன்னும் ஒரு சாக்கு மிச்சம் இருந்தது!

அத்தான் அந்தரத்தில் தொங்கியபடியே எதிர்த் தட்டைப் பார்த்தார். அரிசி வியாபாரி அல்லவா? பார்த்த மாத்திரத்தில் எடை தெரிந்திருக்கும்.

"மாப்ளே, இவ்வளவுமா என் வயித்துக்குள்ள போயிட்டிருந்தது?" என்றார், மெதுவாக.

நான் அக்காளைப் பார்த்தேன். அவள் அம்மனைப் பார்க்கவில்லை. அந்தச் சாக்குகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணிலிருந்து நீர் கொட்டியது.

"இத்தனையும் நானாக்கும் விளம்பினேன்," என்றாள். "என் கையாலயாக்கும்."

விஷம் வைக்கவில்லை. வெறும் சோறு. ஆசையாகப் பொங்கி, ஆசையாகப் பரிமாறிய சோறு. பக்கத்தில் போய் அக்காளின் தோளைத் தொட்டேன். நம்முடைய அத்தனை வீட்டு அடுக்களையிலும் இதுதானே நடந்துகொண்டிருக்கிறது? அத்தான் சாப்பிடாத அரிசியில் இன்னொரு முழு அத்தான் இருந்தார். அந்த இன்னொருவரைத்தான் இந்த மனிதர் இத்தனை வருஷமாக வயிற்றில் சுமந்துகொண்டு நடந்திருக்கிறார்!

அரிசி அன்றைக்கே உலையில் ஏறியது. மிச்சச் சாக்கையும் சேர்த்தே கொட்டச் சொன்னாள் அக்காள். வயலில் நடவு முடித்து நேராக வந்தவர்கள் முதல் பந்தியில் உட்கார்ந்தார்கள். அவர்கள் சாப்பிட்ட சாப்பாட்டைப் பார்க்க வேண்டுமே! அந்த அரிசி யாருக்காக விளைந்ததோ அவர்களிடமே போய்ச் சேர்ந்துவிட்டது என்று எனக்குத் தோன்றியது. கண்டக்டர்கூட பஸ்ஸை நிறுத்திவிட்டு ஒரு இலை போட்டுக்கொண்டார்.

நான் கடைசிப் பந்தி. ஒருமுறை சோறு வாங்கிக்கொண்டு, அடுத்த முறை வந்தபோது இலையின் மேல் கையை வைத்து மறித்தேன். என் வாழ்க்கையிலேயே முதல் தடவை. அப்போது அக்காள் வந்தாள். கண் இன்னும் சிவந்துதான் இருந்தது. ஒரு கையில் பாயச வாளி, மறு கையில் கரண்டி. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்ன மக்கா, ஒண்ணும் சாப்பிடல்ல? மெலிஞ்சுல்லா போயிட்டே!"

தராசை இன்னும் அவிழ்க்கவில்லை என்று அவளுக்கு ஞாபகப்படுத்தினேன்.